அழிப்புக்கும் எழுத்துக்கும் நடுவே: பழைய காரின் ஈசியூவை வீட்டில் மாற்றி எழுதுவது

20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பங்குகளில் வழக்கமாகிவிட்ட பிறகு, கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துப் பட்டறைகளில் ஒரு கேள்வி அடிக்கடி விழுகிறது: "ஏனுங்க, ஈசிஎம்ல மேப்பு மாத்துனா மைலேஜ் திரும்பி வந்துருமுங்களா?" ஈசிஎம் என்பது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்; மேப்பு அதற்குள் இருக்கும் எண் அட்டவணை. இன்னொரு பக்கம், சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கேபிளும் சாஃப்ட்வேரும் வாங்கினால் வீட்டு வாசலிலேயே இந்த வேலையை முடித்துவிடலாம் என்று காட்டும் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன.

இரண்டிலும் பாதி உண்மை உண்டு. வீட்டில் செய்ய முடியும். ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைப் பெரும்பாலான வீடியோக்கள் சொல்வதில்லை. செய்து என்ன கிடைக்கும் என்பதைக் கொஞ்சம் கூட்டியே சொல்கின்றன. 2000 வாக்கில் கார்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டரால் பெட்ரோல் தெளிக்கும் எம்பிஎஃப்ஐ வந்ததில் தொடங்கி, 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வரும்வரை விற்ற கார்களை மனதில் வைத்து இங்கே விளக்குகிறேன். பிஎஸ் 6 வண்டிகளின் பூட்டும் சட்டச் சிக்கலும் வேறு ரகம். அவற்றை இங்கே தொடவில்லை.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

ஈசியூ, ஈசிஎம் என்று பட்டறையில் சொல்வதெல்லாம் ஒன்றுதான்: இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர். கிராங்க் எங்கே சுற்றிக்கொண்டிருக்கிறது, உள்ளே வரும் காற்றின் அழுத்தம் என்ன, தண்ணீர் எவ்வளவு சூடு, ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு மிதிபட்டிருக்கிறது, சைலன்சர் புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்பதையெல்லாம் சென்சார்கள் சொல்கின்றன. அதைக் கேட்டு இன்ஜெக்டரை எவ்வளவு நேரம் திறப்பது, தீப்பொறியை எப்போது அடிப்பது என்று பெட்டி முடிவு செய்கிறது.

அந்த முடிவு ஒவ்வொரு முறையும் புதிதாக யோசித்து எடுப்பதில்லை. ஏற்கெனவே நிரப்பிய அட்டவணைகளைப் பார்த்து எடுப்பது. இந்த அட்டவணைக்குத்தான் மேப் என்று பெயர். 16 வரிசை, 16 பத்தி, ஆக 256 கட்டங்கள் என்று வைத்துக்கொள்வோம். வரிசை இன்ஜினின் வேகம், பத்தி அதன் மேல் இருக்கும் சுமை. 2,000 ஆர்பிஎம்முக்கு ஓர் எண், 2,500-க்கு ஓர் எண். இன்ஜின் 2,250-ல் ஓடினால் இரண்டுக்கும் நடுவில் கணக்குப் போட்டுக்கொள்ளும். இப்படி எரிபொருளுக்கு, தீப்பொறிக்கு, குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கு, டர்போவுக்கு என்று ஒரே பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான அட்டவணைகள் இருக்கும்.

ஆக, உள்ளே இருப்பது இரண்டு பொருள்கள். ஒன்று புரோகிராம்: அட்டவணையைப் பார்த்து வேலை செய்யும் முறை. மற்றொன்று அந்த அட்டவணை எண்கள். சிறுமுகையில் பட்டு நெய்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஜக்கார்டு அட்டையை மாற்றினால் சேலையின் டிசைன் மாறும், தறி அதேதான். ரீமேப், டியூனிங் என்று ஊரில் சொல்லும் எல்லாமே அட்டையை மாற்றும் வேலைதான். தறியில் கை வைப்பதில்லை.

எந்த வண்டிக்கு இது முடியும்?

எல்லாப் பழைய பெட்டியையும் மாற்றி எழுத முடியாது. மூன்று வகை உண்டு.

1. தயாரிக்கும்போதே எண்களைச் சிப்புக்குள் அச்சடித்துவிட்டவை. ஆரம்ப காலப் பெட்டிகளில் சில இப்படி. கேபிள் போட்டு எழுத இவற்றில் வழியே கிடையாது.
2. சிப்பின் முதுகில் சின்னக் கண்ணாடிச் சன்னல் வைத்தவை. அதன் வழியாகப் புற ஊதாக்கதிர் காட்டினால் அழியும். சிப்பைக் கழற்றித் தனிக் கருவியில் எழுத வேண்டும். நம் ஊர்ச் சாலைகளில் இது அரிது.
3. ஃபிளாஷ் சிப்பு உள்ளவை. பென் டிரைவில் இருப்பதும் இதே குடும்பம்தான். மின்சாரத்தாலேயே அழித்து, மின்சாரத்தாலேயே எழுதலாம். வீட்டில் செய்யும் வேலை என்பது இந்த வகைக்கு மட்டுமே பொருந்தும்.

உங்களுடையது எது என்பதைப் பெட்டியின் மேல் இருக்கும் லேபிளில் இருந்துதான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். போஷ் பெட்டியாக இருந்தால் பாக எண் 0 261 என்று தொடங்குவது பெட்ரோல், 0 281 என்று தொடங்குவது டீசல். ஒரே மாடல், ஒரே வருடம் என்றாலும் இரண்டு வண்டியில் இரண்டு விதப் பெட்டி இருக்கும். "பக்கத்து வீட்டு வண்டிக்கு ஓடுச்சு" என்பதை நம்பி அந்தக் கோப்பை உங்கள் வண்டியில் ஏற்றாதீர்கள்.

எழுதும்போது உள்ளே நடப்பது

இந்த ஒரு இடத்தைப் புரிந்துகொண்டால் மற்ற எச்சரிக்கைகள் எல்லாம் தானாக விளங்கும்.

ஃபிளாஷ் சிப்பில் ஓர் எண்ணை மட்டும் ரப்பரால் அழிப்பதுபோல் அழித்து எழுத முடியாது. பெரிய பெரிய கட்டங்களாகத்தான் அழிக்க முடியும் (மேப்பின் 256 கட்டங்கள் வேறு, சிப்பின் இந்தக் கட்டம் வேறு); 64 கிலோபைட் அளவுள்ள கட்டங்கள் சாதாரணம். அழித்ததும் அந்தக் கட்டத்தில் உள்ள ஒவ்வொரு பைட்டும் 255 ஆகிவிடும். 255 என்றால் அங்கே ஒன்றும் இல்லை என்று பொருள். அதன் மேல்தான் புதியதை எழுத வேண்டும். நீங்கள் ஒரே ஓர் எண்ணை மாற்ற நினைத்தாலும், அது இருக்கும் முழுக் கட்டமும் ஒரு முறை வெறுமையாகித்தான் திரும்பி வரும்.

அந்த வெறுமைக்கும் எழுதி முடிப்பதற்கும் நடுவில் மின்சாரம் போனால், கேபிள் ஆடினால், லேப்டாப் தூங்கிவிட்டால், பெட்டிக்குள் பாதி அட்டவணைதான் இருக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகாது. டியூனிங் செய்பவர்கள் இதைச் 'செங்கல் ஆயிடுச்சு' என்பார்கள்.

இந்த இடைவெளி எவ்வளவு நேரம்? பழைய வண்டிகளில் ஸ்கேனர் மாட்டும் ஓபிடி சாக்கெட்டின் 7-ம் பின்னில் கே-லைன் என்று ஒற்றை வயர் இருக்கும். அதன் அடிப்படை வேகம் வினாடிக்கு 10,400 பிட். ஒரு பைட்டை அனுப்ப 10 பிட் வேண்டும் என்பதால், வினாடிக்குச் சுமார் 1,040 பைட். 512 கிலோபைட் சிப்பு என்றால் 5,24,288 பைட். வகுத்துப் பார்த்தால் எட்டு நிமிடத்துக்கு மேல் வருகிறது. நல்ல கருவிகள் பேச்சைத் தொடங்கியதும் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். மோசமான கேபிள் அதைவிட மெதுவாக ஓடும். 6, 14-ம் பின்களில் கேன் என்ற வேகமான இரட்டை வயர் உள்ள பிந்தைய வண்டிகளில் வேலை சீக்கிரம் முடியும்.

மின்சாரம்தான் முதல் வில்லன்

சாவியை ஆன் செய்து வைத்து, இன்ஜினை ஓட விடாமல்தான் எழுத வேண்டும். அதாவது இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் உதவிக்கு வராது. அந்த நேரத்தில் பெட்டியும் ரிலேக்களும் பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். சில வண்டிகளில் பெட்டியோடு பேச்சு நின்றதுமே ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் ஓடத் தொடங்கிவிடும். அது ஒன்றே 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2-க்கு வந்தால் பாதிதான் மிச்சம். நான்கு வருடப் பேட்டரி, ஃபேன் ஓட ஆரம்பித்ததும் 11-க்கு இறங்குவதை மல்டிமீட்டரில் கண்ணாலேயே பார்க்கலாம்.

சரி, சார்ஜர் போட்டுக்கொள்ளலாமே என்றால், அங்கேதான் பலர் சிக்குகிறார்கள். பட்டறையில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர் தருவது ஏறி இறங்கும் மின்சாரம், பேட்டரி நிறைந்ததும் 15 வோல்ட்டைத் தாண்டவும் செய்யும். வேண்டியது நிலையான பவர் சப்ளை: 13.5 வோல்ட்டில் நிறுத்தி, 20 முதல் 30 ஆம்பியர் வரை அசையாமல் தரக்கூடியது. அதைப் பேட்டரியைக் கழற்றாமல் அதன் இரு முனைகளிலேயே சேர்த்து மாட்ட வேண்டும். அப்போதுதான் வீட்டுக் கரண்ட் போனாலும் பேட்டரி தாங்கிப் பிடிக்கும்.

வீட்டுக் கரண்ட் போவது நம் பக்கம் வெறும் கற்பனை இல்லை. துணை மின்நிலையங்களின் மாதாந்திரப் பராமரிப்புக்கென்று காலை 9 மணி முதல் மாலை வரை தடை அறிவிப்பார்கள்; முதல் நாள் செய்தித்தாளில் ஊர்ப்பெயர்களோடு வரும். அதைப் பார்த்துவிட்டு நாளைத் தேர்ந்தெடுங்கள். தோட்டத்துச் சாளையில் வண்டி நிற்கிறதென்றால் கிணற்று மோட்டார் ஓடாத நேரமாகப் பாருங்கள். பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறி ஓடும் தெருவில் வீடு என்றால் மதியச் சாப்பாட்டு நேரம் நல்லது. பவர் சப்ளையை இன்வெர்ட்டர் வழியாகப் போடுவதானால், அதன் வாட் திறன் போதுமா என்று முதலில் கணக்குப் பாருங்கள்: 13.5 வோல்ட்டில் 20 ஆம்பியர் என்றாலே 270 வாட், இழப்போடு சேர்த்து 320 வரை போகும்.

லேப்டாப்பை அதன் சொந்தப் பேட்டரியில் ஓட்டுவதே மேல். மலிவான சார்ஜர்களில் இருந்து எர்த் வழியாகக் கசியும் மின்சாரம் கே-லைன் பேச்சைக் குழப்பும்.

கருவியும் கோப்பும்

முந்நூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈஎல்எம் 327 புளூடூத் டப்பா, கோளாறு எண்களைப் படிக்க மட்டும்தான் லாயக்கு. எழுதும் வேலைக்கு அதைத் தொடவே வேண்டாம். எழுதுவதற்கென்று விற்கும் பிரபலக் கருவிகளின் நகல்கள்தான் மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பான்மை. அவற்றில் நன்றாக ஓடுவதும் உண்டு, பாதியில் கழுத்தறுப்பதும் உண்டு. எது எந்த ரகம் என்பது எழுதத் தொடங்கிய பிறகுதான் தெரியும். அவற்றோடு வரும் உடைத்த சாஃப்ட்வேரை, பேங்க் வேலை பார்க்கும் லேப்டாப்பில் ஏற்றாமல் இருப்பது தனிப் புண்ணியம்.

படிப்பதில் ஆபத்து மிகக் குறைவு. எழுதுவதில்தான் முழு ஆபத்தும். எனவே முதல் ஒரு வாரம் படிக்க மட்டும் பழகுங்கள் என்பேன். இன்னும் வசதி இருந்தால் காயலாங்கடையில் அதே பாக எண்ணுள்ள ஒரு பழைய பெட்டியை வாங்கி, மேஜை மேல் வைத்து அதில் எழுதிப் பழகலாம். அதை அப்படியே வண்டியில் மாட்டி ஓட்ட முடியும் என்று நினைக்க வேண்டாம். சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் தகவல் பெட்டிக்குள் தனிச் சிப்பில் இருக்கும். அது பொருந்தாமல் இன்ஜின் பிடிக்காது.

வேலையின் வரிசை இப்படி:

1. லேபிளைப் படம் எடுங்கள். ஸ்கேனரில் தெரியும் சாஃப்ட்வேர் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.
2. கோளாறு எண்கள் ஏதாவது இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். காற்று ஒழுகும் ஓஸையோ செத்துப்போன ஆக்சிஜன் சென்சாரையோ மேப்பால் மூடி மறைத்தால் கோளாறு இன்னொரு இடத்தில் கிளம்பும்.
3. ஃபேன், ஸ்டீரியோ பியூஸ்களைப் பிடுங்குங்கள். விளக்கு, ஏசி எல்லாம் ஆஃப். கதவைத் திறந்து திறந்து மூடாதீர்கள்.
4. பவர் சப்ளை மாட்டி, சாவியை ஆன் செய்து, ஓபிடி சாக்கெட்டின் 16-ம் பின்னுக்கும் 4-ம் பின்னுக்கும் நடுவில் மல்டிமீட்டர் வையுங்கள். 13 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். எர்த் வயரிலோ பியூஸிலோ துரு இருக்கும்.
5. லேப்டாப்பில் தூக்கம், அப்டேட், வைஃபை, ஆன்டிவைரஸ் நான்கையும் அணையுங்கள்.
6. முழுதாகப் படியுங்கள். மறுபடியும் படியுங்கள். இரண்டு கோப்பும் ஒரு பைட்கூட மாறாமல் ஒத்துப்போக வேண்டும். 512 கிலோபைட் சிப்பென்றால் அளவு சரியாக 5,24,288. முழுக்க முழுக்க 255 மட்டும் இருந்தால் நீங்கள் படித்தது வெறும் காற்று.
7. அந்த மூலக் கோப்பை மூன்று இடத்தில் வையுங்கள். அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.
8. நகலில் மட்டும், ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். செக்சம் திருத்துங்கள். எழுதுங்கள். 100 சதவீதம் வரும்வரை கேபிளைத் தொடாதீர்கள்.
9. முடிந்ததும் சாவியை அணைத்து இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். பெட்டிக்கு மின்சாரம் தரும் மெயின் ரிலே உடனே அணையாது. பியூஸ்களைத் திரும்பப் போட்டு, கோளாறு எண்களை அழித்துவிட்டு, வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி ஸ்டார்ட் செய்யுங்கள். மூடிய ஷெட்டில் இன்ஜின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது.

எட்டாவதில் சொன்ன செக்சம் என்பது கணக்குப் புத்தகத்தின் அடிக்கூட்டு மாதிரி. பெட்டி தன் எண்களையெல்லாம் கூட்டி, ஓரிடத்தில் எழுதி வைத்த தொகையோடு ஒப்பிட்டுப் பார்க்கும். நீங்கள் ஓர் இடத்தில் 162-ஐ 166 ஆக்கினால் கூட்டு நான்கு கூடிவிடும். அடிக்கூட்டையும் மாற்றாவிட்டால், யாரோ புத்தகத்தில் கை வைத்துவிட்டார்கள் என்று பெட்டி இன்ஜினை ஓட விடாது. கூட்டும் முறை பெட்டிக்குப் பெட்டி மாறும். ஒரே பெட்டியில் பல செக்சம் இருப்பதும் உண்டு. நல்ல கருவி தானே திருத்திக்கொள்ளும். திருத்தியதா என்று பார்ப்பது உங்கள் வேலை.

இ20-க்கு மேப் மாற்றினால் என்ன கிடைக்கும்?

கணக்கைப் போட்டே பார்ப்போம். சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ20-க்குச் சுமார் 13.5. அதாவது அதே காற்றுக்குச் சுமார் 9 சதவீதம் எரிபொருள் கூட வேண்டும்.

இந்தக் கூட்டலை உங்கள் பெட்டி ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. சைலன்சரில் உள்ள ஆக்சிஜன் சென்சார் 'காற்று மிஞ்சுகிறது' என்று சொன்னதும் இன்ஜெக்டரைக் கொஞ்சம் அதிக நேரம் திறக்கும். அதை நினைவிலும் வைத்துக்கொள்ளும். இதற்குப் பெயர் ஃபியூல் டிரிம். பொதுவாக 20 சதவீதம் வரை திருத்த அதற்கு இடம் உண்டு என்பதால் 9 சதவீதம் அதன் கைக்குள் அடங்கும். மைலேஜ் குறைவது பெட்டி தப்பாகக் கணக்குப் போடுவதால் வருவதில்லை. எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் சக்தியே குறைவு. இ10-க்கு அளவெடுத்துத் தயாரான பழைய நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 சதவீதம் மைலேஜ் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லியிருக்கிறது. எரிபொருளில் இல்லாத சக்தியை எந்த அட்டவணையாலும் கொண்டுவர முடியாது.

மேப்புக்கு வேலை இருப்பது இரண்டே இடத்தில்: மார்கழிக் காலையில் முதல் ஸ்டார்ட், ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதிக்கும் நேரம். இரண்டிலும் பெட்டி ஆக்சிஜன் சென்சாரைக் கேட்காமல் அட்டவணையை நம்பியே ஓடும். அங்கே சில சதவீதம் கூட்டிக்கொடுத்தால் இருமல் நிற்கும். மற்றபடி எத்தனால் இளக்கும் ரப்பர் ஓஸுக்கும் கேஸ்கட்டுக்கும் சாஃப்ட்வேரில் மருந்து இல்லை. அட்டையை மாற்றினால் டிசைன் மாறும், இற்றுப்போன நூல் முறுக்கேறாது. அந்த ஓஸ்களை மாற்ற ஆகும் செலவு, மேப்புக்குக் கேட்கும் பணத்தைவிடப் பெரும்பாலும் குறைவு.

டீசலில் பிக்கப் கூட்டுவது

டர்போ டீசலில் மேப் மாற்றினால் வித்தியாசம் உடனே காலில் தெரியும். அதனால்தான் ஆசையும் அதிகம். "அதே 1.3 இன்ஜின், ஒண்ணுல 75 குதிரை, இன்னொண்ணுல 90. எல்லாம் சாஃப்ட்வேர்தான்" என்ற பேச்சை எல்லா ஊரிலும் கேட்கலாம். உண்மையில் 90 குதிரைத்திறன் வகையில் டர்போவே வேறு: இறக்கைகளின் கோணம் மாறும் டர்போ. 75-ல் இருப்பது நிலையானது. எண்களை மட்டும் நகலெடுத்தால், தராத காற்றுக்கு டீசலை ஊற்றுகிறோம் என்று ஆகும். அது கரும்புகையாகவும் சூடாகவும் வெளியே வரும்.

அவிநாசிச் சாலையிலோ சேலம் நெடுஞ்சாலையிலோ ஓட்டிப் பார்த்தால் இது தெரியாது. அங்கே முழுச் சுமை என்பது ஓவர்டேக் செய்யும் பத்து விநாடிதான். ஐந்து பேரையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளிலோ, கொல்லிமலையின் 70 வளைவுகளிலோ இரண்டாம் கியரில் ஏற்றினால் நிமிடக்கணக்கில் சுமை குறையாது. அப்போதுதான் புகையின் வெப்பம் ஏறிக்கொண்டே போய் டர்போவையும் பிஸ்டனையும் தின்கிறது. தொழிற்சாலை எண்களில் பயந்தாற்போல் விட்டிருக்கும் இடைவெளி இந்த மாதிரி ஏற்றங்களுக்காக விட்டது. கிளட்ச், கியர்பாக்ஸ் கணக்கு அதற்கு மேல்.

புகைமீள் சுழற்சி வால்வை, அதாவது ஈஜிஆரை, மேப்பில் அணைத்துத் தருகிறோம் என்று சொல்பவர்களிடம் போகாதீர்கள். அடைத்துப்போன வால்வைச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் போதும். அணைப்பது புகைக் கட்டுப்பாட்டை அறுத்தெறிவது.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களில் இருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். குதிரைத்திறனைக் கூட்டுவதும் புகைக் கட்டுப்பாட்டை அணைப்பதும் இந்த வலைக்குள் நேராக வந்து விழும். செத்துப்போன பெட்டியைத் தொழிற்சாலைக் கோப்பைக் கொண்டே உயிர்ப்பிப்பது விலகல் ஆகாது. விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வரும்போது, சொல்லாமல் செய்த மாற்றம் கிளெய்மை நிராகரிக்கக் காரணமாகலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நடுவில் நின்றுவிட்டால்

முதலில் சாவியை அணைக்காதீர்கள். பவர் சப்ளையையும் கழற்றாதீர்கள். பெரும்பாலான ஃபிளாஷ் பெட்டிகளில் பூட்லோடர் என்று ஒரு சிறு புரோகிராம் தனிக் கட்டத்தில், சாதாரண எழுத்தில் அழியாதபடி இருக்கும். அட்டவணை முழுக்கக் காலியானாலும் அது உயிரோடு இருந்தால் கேபிளோடு பேசும். கருவியில் மீட்பு என்ற வழி இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, மாற்றிய கோப்பை விட்டுவிட்டு மூலக் கோப்பையே எழுதுங்கள்.

பேசவில்லை என்றால் பெட்டியைக் கழற்றித் திறந்து, பலகையில் குறிப்பிட்ட புள்ளிகளில் வயர் வைத்து நேராகச் சிப்போடு பேச வேண்டியிருக்கும். அதற்குப் பூட் மோட் என்று பெயர். சிலிக்கான் பசையால் ஒட்டிய மூடியைச் சூடு காட்டித் திறப்பதில் இருந்தே அது பழகிய கை கேட்கும் வேலை. அந்த இடத்தில் ஈசியூ வேலை தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோவதே நல்லது. கோவையில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சம் இல்லை. போகும்போது பெட்டியோடு லேபிளின் படத்தையும், முதல் நாள் இரண்டு முறை படித்து ஒப்பிட்டு வைத்த கோப்பையும் எடுத்துப் போங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வியே "ஒரிஜினல் ஃபைல் இருக்குதுங்களா?" என்பதாகத்தான் இருக்கும்.